விற்றது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு?

வீட்டில் சமைத்து விற்கும் சகோதரிகளிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் வித்து முடிஞ்சுது" என்பார்கள். சட்டி காலியாகிவிட்டது, மனமும் நிறைந்துவிட்டது. மாதக் கடைசியில் கரண்ட் பில்லும் கடை வாடகையும் ஒன்றாக வந்து நிற்கும்போதுதான், விற்று முடிந்த காசு எங்கே போனது என்ற கேள்வி எழுகிறது.

பள்ளிமுனை வீதியில் என் தங்கச்சி ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். மன்னார் நகரிலிருந்து வருபவர்கள் பழம்பெரும் பெருக்கு மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அதே பக்கம்தான். கடலுக்குப் போய் வரும் தொழிலாளிகள், பாடசாலைப் பிள்ளைகள், அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் என்று கடையில் எப்போதும் ஆள் இருக்கும். மச்சானுக்கு முதுகில் வருத்தம் வந்து பாரம் தூக்க முடியாமல் போன பிறகு, அந்தக் கடைதான் குடும்பத்தின் சோறு. 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒருநாள் அவள் என்னிடம், "நானா, கடையில சனம் குறையல்ல. ஆனா வளையல அடகுல இருந்து எடுக்க முடியல்ல. கடைய மூடிட்டு யார் வீட்டுலயாவது சமைக்கப் போனா நல்லமோ என்டு யோசிக்கிறன்" என்றாள்.

அவளுடைய நிலை அவளுக்கு மட்டும் உரியதல்ல. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு ஏறியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை, முந்திய ஆண்டு அதே மாதத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. எல்லாச் சாமானின் விலையும் மாறியபோது சிறு கடைக்காரர்கள் மற்றவர்கள் கூட்டியதைப் பார்த்துத் தாமும் கூட்டினார்கள். தம் சட்டிக்குள் போகும் அரிசி, எண்ணெய், மீன் ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. விலைகள் பிறகு சற்று இறங்கி நின்றாலும் அன்று கண்மதிப்பில் வைத்த விலையே பல கடைகளில் தொடர்ந்தது.

நான் வியாபாரி அல்லன். ஆனால் அரபுக் கல்லூரியில் ஓதியவர்களுக்கு பராயிள் என்னும் பாகப்பிரிவினைக் கணக்கு பழக்கமானது. அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று எத்தனையோ இரவுகள் பங்கு பிரித்திருக்கிறோம். மௌத்தானவரின் சொத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கத் தெரிந்த நாம், உயிரோடிருப்பவரின் உழைப்பை ஏன் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. என்னிடம் ஓதிவிட்டு வளைகுடா நாட்டு ஹோட்டல் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் மாணவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். பெரிய ஹோட்டல்காரர்கள் இதற்கென்று ஒரு முறையே வைத்திருப்பதை அவர் விளக்கினார்.

அந்த முறையை 1982இல் வகுத்தவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும். ஒவ்வொரு உணவைப் பற்றியும் அவர்கள் இரண்டே கேள்விகள் கேட்கச் சொன்னார்கள். இது எவ்வளவு விற்கிறது? ஒன்று விற்றால், அதற்குப் போட்ட சாமானின் விலையைக் கழித்த பிறகு கையில் எத்தனை ரூபா நிற்கிறது? இரண்டிலும் உயர்ந்திருப்பதற்கு நட்சத்திரம் என்று பெயர். அதிகம் விற்றும் சொற்பமே தருவதை உழவுக் குதிரை என்றார்கள். நமக்கு அது உழவு மாடு. நன்றாகத் தந்தும் குறைவாக விற்பது புதிர். இரண்டிலும் தாழ்ந்ததற்கு அவர்கள் நாயின் பெயரை வைத்தார்கள். சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் வேண்டாம். சுமை என்று வைத்துக்கொள்வோம்.

தங்கச்சியிடம் ஒரு கொப்பியும் ஒரு தராசும் கொடுத்து ஒரு கிழமை எழுதச் சொன்னேன். வெள்ளி உட்பட ஆறு நாள் வியாபாரம். ஆறு வகைச் சாப்பாடு. உங்களுக்கு விளங்குவதற்காக எண்களைச் சற்று உருட்டித் தருகிறேன்.

மீன் சோற்றுப் பார்சல் 350 ரூபா. அதற்குள் போகும் சாமான் 230. மிச்சம் 120. கிழமைக்கு 180 பார்சல் விற்றது. பத்து இடியப்பமும் சொதியும் சம்பலும் 150 ரூபா. சாமான் 70, மிச்சம் 80, விற்றது 120. ரோல்ஸ் ஒன்று 80 ரூபா. சாமான் 50, மிச்சம் 30, விற்றது 300. நண்டுக் கறியும் சோறும் 800 ரூபா. சாமான் 500, மிச்சம் 300; விற்றது 24. வட்டிலப்பம் ஒரு கோப்பை 150 ரூபா. சாமான் 80, மிச்சம் 70, விற்றது 36. வெள்ளிக்கிழமை கோழிப் புரியாணி 750 ரூபா. சாமான் 640, மிச்சம் 110, விற்றது 40.

மொத்தம் 700 உருப்படி. வந்த காசு 159,600 ரூபா. இந்தக் கணக்குப்படி சாமான் விலை போக நிற்க வேண்டியது 54,320. ஓர் உருப்படிக்குச் சராசரியாக 77 ரூபா 60 சதம்.

இந்த இடத்தில் பலர் வீதத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். விலையில் எத்தனை வீதம் சாமானுக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் ஹோட்டல்களின் பழைய வழக்கம். அப்படிப் பார்த்தால் இடியப்பம்தான் ராஜா. நூற்றுக்கு 47 ரூபாதான் செலவு. சோற்றுப் பார்சலிலோ நூற்றுக்கு 66 ரூபா சாமானுக்கே போகிறது. ஆனால் கிழமை முடிவில் இடியப்பம் தந்தது 9,600 ரூபா, சோற்றுப் பார்சல் தந்தது 21,600. வாடகைக்காரர் ரூபாவைத்தான் கேட்பார். அதனால்தான் அந்த இரு பேராசிரியர்களும் வீதத்தை விட்டு, கையில் நிற்கும் ரூபாவை எண்ணச் சொன்னார்கள்.

எது அதிகம் விற்கிறது என்று சொல்வதற்கும் ஓர் அளவு உண்டு. ஆறு வகை இருந்தால் ஒவ்வொன்றின் நியாயமான பங்கு ஆறில் ஒன்று. அது எங்களுக்குப் பழகிய பாகம். அந்தப் பங்கில் நூற்றுக்கு 70 வந்தாலே நன்றாக விற்கிறது என்று கொள்ளலாம் என்பது அவர்கள் விதி. 700இல் ஆறில் ஒன்று ஏறத்தாழ 117. அதில் 70 வீதம் 82. சோற்றுப் பார்சல், இடியப்பம், ரோல்ஸ் மூன்றும் இந்தக் கோட்டைத் தாண்டின. பார்சலும் இடியப்பமும் சராசரி 77 ரூபா 60 சதத்துக்கு மேல் தருவதால் நட்சத்திரங்கள். 30 ரூபா மட்டும் தரும் ரோல்ஸ் உழவு மாடு. நண்டும் புரியாணியும் புதிர். வட்டிலப்பம் சுமை.

"அப்ப வட்டிலப்பத்த நிப்பாட்டவா நானா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். ஏனென்றால் கொப்பியில் 54,320 என்று வந்தது; பெட்டியில் அவ்வளவு இருக்கவில்லை. சாமான் வாங்கிய பில்களைக் கூட்டினால் 105,280 வர வேண்டிய இடத்தில் 114,180 வந்தது. 8,900 ரூபா கூடுதலாகச் செலவாகியிருந்தது.

தேடிப் பார்த்ததில் அதில் 6,400 ரூபா புரியாணிச் சட்டிக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை 50 பேருக்கு ஆக்கினாள். விற்றது 40. பத்துப் பேருடைய புரியாணி மிஞ்சியது. 50 பேருக்கு ஆக்கிய செலவு 32,000, வந்த காசு 30,000. புதிர் என்று பட்டியலில் மரியாதையோடு நின்ற புரியாணி, உண்மையில் வாரம் 2,000 ரூபாவைக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. முந்திய வெள்ளியும் அப்படித்தான் மிஞ்சியது என்றாள். காரணமும் தெருவிலேயே இருந்தது. வெள்ளி நமக்கு ஜும்ஆ நாள், புரியாணி நாள். பள்ளிமுனையிலுள்ள கத்தோலிக்க அயலவர்களுக்கோ அது தவக்காலம். அந்த ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி தொடங்கியிருந்தது. தவக்காலத்து வெள்ளிகளில் அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். ஊரோடு சேர்ந்து வாழ்பவர் ஊரின் நாட்காட்டியையும் சமையலறையில் தொங்கவிட வேண்டும்.

"மிஞ்சினத நான் வீசல்ல நானா. ஏழைகளுக்குத்தான் குடுத்தன்" என்றாள். அது நல்ல குணம், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான். ஆனால் தர்மம் வேறு, நட்டம் வேறு. தர்மம் செய்ய நினைத்தால் இன்று இரண்டு பார்சல் அல்லாஹ்வுக்காக என்று நிய்யத்து வைத்து முதலிலேயே எடுத்து வைப்போம். அது மனதுக்கும் சுகம், கணக்குக்கும் தெளிவு. வீண்விரயத்தை மார்க்கம் கண்டிப்பதை நாம் சாப்பாட்டு மேசைக்கு மட்டும் உரியதாக நினைக்கிறோம். சட்டியில் அளவுக்கு மீறிப் போடும் கையும் அந்தக் கண்டிப்புக்குள் வரும். எஞ்சிய 2,500 ரூபா அங்கேதான் போயிருந்தது. அளக்காமல் அள்ளிப் போட்ட சோறு, கண்மதிப்பில் ஊற்றிய எண்ணெய்.

இனி மற்றச் செலவுகள். வாடகை 6,000, எரிவாயுவும் கரண்டும் 9,500, உதவிக்கு வரும் இரண்டு பெண்களின் கூலி 14,400, பொதி கட்டும் தாளும் பெட்டியும் 4,000. எல்லாம் போக மிஞ்சியது 11,520 ரூபா. அதிலும் 7,000 கடன் கொப்பியில் கிடந்தது.

அப்போது ஒரு கணக்குப் போட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உதவிக்கு வரும் பெண்ணுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு 1,200 ரூபா, மணிக்கு 150. தங்கச்சி விடியற்காலை மூன்றரைக்கு எழும்பி இஷாவுக்குப் பிறகு சட்டி கழுவி முடிக்கிறாள். தொழுகை, ஓய்வு, பிள்ளைகளின் வேலை எல்லாம் கழித்தாலும் நாளுக்கு 14 மணித்தியாலம், கிழமைக்கு 84. கடன் முழுவதும் திரும்பி வந்தாலும் அவளுக்கு மணிக்கு விழுவது 137 ரூபா. தான் கொடுக்கும் கூலியை விடத் தான் பெறும் கூலி குறைவு. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சகோதரிகளே, நம் வீடுகளில் சமைத்து விற்கும் பெண்கள் மாவை எழுதுவார்கள், தேங்காயை எழுதுவார்கள். தம் கையை எழுதமாட்டார்கள். அதற்கு விலை இல்லை என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் அகதிகளாய்ப் போனபோது எனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. ஓலைக் கொட்டிலில் உம்மா இடியப்பம் அவித்து விற்றுத்தான் எங்களை வளர்த்தார். கொப்பி எழுதத் தெரியாது. ஆனால் ஒரு கொத்து மாவில் எத்தனை இடியப்பம் வரும் என்பது விரலில் இருந்தது. அப்பம் நன்றாக விற்றும் அதை நிறுத்திவிட்டார். "ஒவ்வொண்டுக்கும் அடுப்படியில நிக்கணும் மகன், இடியப்பம் எண்டா ஏத்தி வெச்சிட்டு மத்த வேலையப் பாக்கலாம்" என்பார். எந்தச் சாப்பாடு எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று அவர் பார்த்தார். மிச்சிகன் பேராசிரியர்களின் கட்டத்தில் இந்த மூன்றாவது கேள்வி இல்லை.

ஆகவே நாங்களும் அதைக் கேட்டோம். ரோல்ஸ் நாளுக்கு 50. மாவு கரைத்து, தோசை போல் சுட்டு, உள்ளீடு வைத்துச் சுற்றி, பாண் தூளில் புரட்டிப் பொரிக்க இரண்டு பேருக்கு மூன்று மணித்தியாலம். 1,500 ரூபாவுக்கு ஆறு மணித்தியாலக் கைவேலை, மணிக்கு 250. சோற்றுப் பார்சல் 30க்கு மூன்று பேரின் நாலு மணித்தியாலம். 3,600 ரூபாவைப் பன்னிரண்டால் பிரித்தால் 300. இடியப்பத்துக்கு இரண்டு பேரின் இரண்டு மணித்தியாலம், மணிக்கு 400. நண்டு துப்புரவாக்கிச் சமைக்க இரண்டு மணித்தியாலம். நாலு சாப்பாட்டில் 1,200 ரூபா, மணிக்கு 600. சுமை என்று தள்ளப்பட்ட வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்து, கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் கலந்து ஊற்ற அரை மணித்தியாலம். பிறகு இடியப்பச் சட்டியின் அதே ஆவியில் தானே அவிகிறது. ஆறு கோப்பைக்கு 420 ரூபா, மணிக்கு 840. எல்லாவற்றிலும் முன்னால் நின்றது அதுதான். நிறுத்தியிருந்தால் கடை தன் நல்ல பிள்ளையைத் துரத்தியிருக்கும்.

நோன்புப் பெருநாள் முடிந்து கடையை மறுபடி திறந்தபோது சில மாற்றங்கள் செய்தாள். புரியாணி இனி முன்கூட்டிச் சொல்பவர்களுக்கு மட்டும். வியாழன் அஸருக்குள் சொல்லிவிட வேண்டும். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. புரியாணி மணம் வீதியில் வராவிட்டால் கடைக்கு என்ன மதிப்பு என்றார். வெள்ளிக்கு 30 பேர்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு பிடி மிஞ்சவில்லை. 2,000 நட்டம் போய் 3,300 வரவு வந்தது. கிழமைக்கு 5,300 ரூபா வித்தியாசம். அதன் பிறகு மச்சானே ஓடர் எழுதத் தொடங்கினார்.

வட்டிலப்பம் உள்ளே குளிர்பெட்டியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பார்சல் கட்டும்போது, "வட்டிலப்பம் ஒண்டு வைக்கவா?" என்று கேட்டதே போதும், ஆறு பன்னிரண்டாகியது. ரோல்ஸை 50இலிருந்து 35 ஆகக் குறைத்தாள். வரவு ஏறத்தாழச் சமம். நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கைவேலை மிச்சம். நண்டு கடல் தருவதைப் பொறுத்தது. கிடைத்த நாளில் வாசலில் பலகையில் எழுதி வைத்தால் போதும்.

ரோல்ஸ் விடயத்தில் ஒரு பேச்சு வந்தது. உழவு மாட்டுக்கு ஹோட்டல்காரர்கள் சொல்லும் வைத்தியம் இரண்டு: மெதுவாக விலையைக் கூட்டு, அல்லது அளவைக் குறை. "ஒருத்தருக்கும் தெரியாம கொஞ்சம் சின்னதாக்கலாம்தானே" என்று உதவிக்கு வரும் பெண் ஒருவர் சொன்னார். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நினைவுபடுத்தினேன். குறையை மேலே, வாங்குபவர் காணும்படி வை என்பதுதான் அங்குள்ள பாடம். அதனால் அளவு மாறவில்லை. பாடசாலைப் பிள்ளைகள் வாங்குவது என்பதால் விலையும் மாறவில்லை. லாபம் குறைந்த ஒன்றைத் தெரிந்துகொண்டே வைத்திருப்பதும் ஒரு முடிவுதான். தெரியாமல் வைத்திருப்பதுதான் ஆபத்து.

கடன் கொப்பியையும் ஒழுங்கு செய்தோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. சிறு தொகை என்று சலித்துவிடாமல் எழுதவும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. நாம் அதை ஓதுகிறோம். கடையில் பென்சிலைத் தேடுகிறோம். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் தொகையைக் கூட்டி, வாங்கியவருக்குக் காட்டுகிறாள். கடலுக்குப் போகாத நாட்களில் கடன் வாங்குவோர் தொழில் நடந்ததும் தந்துவிடுகிறார்கள். கேட்காத கடன்தான் பழையதாகிறது.

இன்ஷா அல்லாஹ் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு கொப்பி, ஒரு தராசு, ஒரு கிழமை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நாலு விடயம் எழுதுங்கள்: எத்தனை ஆக்கினேன், எத்தனை விற்றது, சாமான் விலை போக எத்தனை ரூபா நின்றது, எத்தனை மணித்தியாலம் கை வேலை செய்தது. ஒரு கிழமைக் கணக்கை வைத்து எதையும் வெட்டிவிடாதீர்கள். பெருநாளும் மழையும் அயலவரின் விரதமும் கணக்கை மாற்றும். விலை ஏறிய மாதங்களில் மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். வீட்டு ஆண்களும் அந்தக் கொப்பியை ஒரு தடவை வாசிக்கட்டும். தம் வீட்டுப் பெண்ணின் ஒரு மணித்தியாலம் எவ்வளவு பெறும் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

மூன்றாம் மாதம் ஒரு சோடி வளையல் அடகிலிருந்து மீண்டது. இன்னும் ஒரு சோடி இருக்கிறது. மறு ஆண்டுத் தவக்காலத்து வெள்ளிகளில் புரியாணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கணவாய்ப் பிரட்டலும் சோறும் ஆக்கினாள். அது எவ்வளவு விற்றது, எவ்வளவு மிஞ்சியது என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். உழைப்பில் பரக்கத் தருபவன் அல்லாஹ். வந்த பரக்கத்தை எண்ணிப் பார்த்துப் பத்திரப்படுத்துவது நம் கையில் இருக்கிறது.